மறதித் தேநீரை மறுத்தவள்

காதல் தொடர் என்று உலகமே கொண்டாடிய கொரியாவின் ‘கோப்ளின்’, உண்மையில் மரணத்தைப் பற்றிப் பேசுகிறது. அதனால்தான் இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அது மனதை விட்டுப் போக மறுக்கிறது.

சியோலில் ஒரு கோஷிவோன். தேர்வுக்குப் படிப்பவர்களும் கையில் காசு குறைந்தவர்களும் மாத வாடகைக்குத் தங்கும் விடுதி அது. ஒரு கட்டிலும் ஒரு மேசையும் போட்டால் அறை நிறைந்துவிடும். அப்படி ஓர் அறையில் தனியாக வாழ்ந்த இளம்பெண் ஒருத்தி இறந்துபோகிறாள். இறந்த பிறகு, ஆவிகளைக் காணும் வரத்தோடு பிறந்த நாயகி ஜி யுன்-தாக்கைத் தேடி வந்து ஓர் உதவி கேட்கிறாள். யாரையும் பழிவாங்க வேண்டியதில்லை, எந்தக் காதலனுக்கும் சேதி போக வேண்டியதில்லை. ஊரிலிருந்து அம்மா வருவாள், மகளின் சாமான்களை எடுத்துப்போக அறையைத் திறப்பாள், ஃபிரிட்ஜ் காலியாகக் கிடப்பதைப் பார்த்தால் மகள் பட்டினி கிடந்தாளோ என்று நினைத்து உடைந்துபோவாள். அந்த ஃபிரிட்ஜை நிரப்பி, அறையைத் துடைத்து வைக்க வேண்டும். அவ்வளவுதான். யுன்-தாக் செய்து முடிக்கிறாள். அம்மா வருகிறாள், ஃபிரிட்ஜைத் திறக்கிறாள், அழுகிறாள். ஆனால் மகள் பயந்த அந்த அழுகை அது இல்லை.

ஆவி வரும் தொடர் என்றால் பயமுறுத்தும், இல்லாவிட்டால் சிரிக்க வைக்கும். செத்துப்போனவளின் அம்மா திறந்து பார்க்கப் போகும் ஃபிரிட்ஜைப் பற்றி இத்தனை அக்கறையோடு யோசித்த தொடரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ‘கோப்ளின்’ என்ற பெயரில் உலகம் அறிந்த இந்தத் தொடர் 2016 டிசம்பர் 2 முதல் 2017 ஜனவரி 21 வரை தென்கொரியாவின் டிவிஎன் சேனலில் 16 அத்தியாயங்களாக ஒளிபரப்பானது. காதல் தொடராகத்தான் பேர் வாங்கியது. பனியில் நிற்கும் ஜோடி, சிவப்பு மஃப்ளர், மனதைப் பிசையும் பாட்டு என்று ரசிகர்கள் பகிர்ந்துகொள்வதெல்லாம் அந்தக் காதலைத்தான். என் கட்சி வேறு. இந்தத் தொடரின் உயிர், இறந்தவர்களை எப்படி வழியனுப்புவது, இருப்பவர்கள் அவர்களை எப்படி நினைவில் சுமப்பது என்ற கேள்வியில் இருக்கிறது. காதல் அந்தக் கேள்விக்குள் பூத்த ஒன்று. முடிவு வரை பேசினால்தான் இதை விளக்க முடியும் என்பதால், இனிமேல் பார்க்க இருப்பவர்கள் தொடரை முடித்துவிட்டு இந்தப் பக்கத்துக்கு வருவது நல்லது.

வாள் செருகிய மார்பு

கொரிய நாட்டார் கதைகளில் வரும் தொக்கேபியைத்தான் தலைப்பு ‘கோப்ளின்’ என்கிறது. அது செத்த மனிதரின் ஆவி கிடையாது. ரத்தக்கறை பட்ட பழைய துடைப்பம் போன்ற புழங்கு பொருள்கள் தொக்கேபியாக உயிர்பெறும் என்பது அந்த ஊர் நம்பிக்கை. வழிப்போக்கரை மல்யுத்தத்துக்கு இழுக்கும். பக்வீட் மாவில் செய்த களி என்றால் உயிரை விடும். கையிலிருக்கும் தடியால் தட்டினால் கேட்டதைக் கொடுக்கும். இந்தக் கிராமத்துக் குறும்பனை எடுத்து, துடைப்பம் இருந்த இடத்தில் ரத்தம் தோய்ந்த வாளை வைத்து, பழங்கொரியாவின் கொர்யோ அரசு காலத்துத் தளபதி ஆக்கினார் எழுத்தாளர் கிம் யுன்-சூக்.

போரில் வென்று திரும்புகிறான் தளபதி கிம் ஷின். அரியணையில் இருப்பவன் வாங் யோ என்ற இளம் மன்னன். ஊரே தளபதியைக் கொண்டாடுவது மன்னனின் நெஞ்சில் முள்ளாகக் குத்துகிறது; அந்த முள்ளை ஆழமாக இறக்கும் வேலையை பாக் ஜுங்-ஹொன் என்ற அரண்மனைச் சூழ்ச்சிக்காரன் பார்த்துக்கொள்கிறான். தளபதி துரோகி என்று தீர்ப்பாகிறது. கிம் ஷின்னின் தங்கைதான் அந்த நாட்டின் அரசி. அண்ணனை மன்னனை நோக்கி நடக்கச் சொல்லிவிட்டு அவள் அம்பு பட்டுச் சாய்கிறாள். தளபதி தன் வாளாலேயே சாகிறான். வெட்டவெளியில் கிடந்த அவனுக்காக மக்கள் செய்த வேண்டுதல் கடவுளை எட்டுகிறது. வரமும் சாபமும் ஒரே கையால் கொடுக்கப்படுகின்றன. இனி அவனுக்குச் சாவு இல்லை. ஆனால் பிரியமானவர்கள் ஒவ்வொருவராகச் சாவதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மார்பில் செருகிய வாளைக் கண்டு, அதை உருவக்கூடியவள் தொக்கேபியின் மணமகள் ஒருத்திதான். அவள் உருவினால் விடுதலை. கதை தொடங்கும்போது அவனுக்கு வயது 939.

மணமகள் எங்கே பிறக்கிறாள்? ஒரு பனி இரவில், கார் மோதிவிட்டு ஓடிப்போன சாலையில், கர்ப்பிணி ஒருத்தி உயிருக்குப் போராடுகிறாள். மனிதர்களின் வாழ்வு சாவில் தலையிடுவதில்லை என்றிருந்த கிம் ஷின், அவள் வேண்டுதல் கேட்டு மனம் இளகிக் காப்பாற்றிவிடுகிறான். அன்று தாயின் வயிற்றிலேயே செத்திருக்க வேண்டிய குழந்தைதான் யுன்-தாக். எமலோகத்துக் கணக்கில் விடுபட்டுப்போன உயிர் அவள்.

கிம் ஷின்னாக கோங் யூ, யுன்-தாக்காக கிம் கோ-யுன், எமதூதனாக லீ டோங்-வூக், கோழி வறுவல் கடை நடத்தும் சன்னியாக யூ இன்-நா. ‘டிரெயின் டு பூசான்’ படம் 2016 ஜூலையில் திரைக்கு வந்து கோங் யூவை உச்சத்தில் வைத்திருந்த நேரம். கிம் யுன்-சூக்கும் இயக்குநர் லீ யுங்-பொக்கும் அதே ஆண்டின் முற்பகுதியில்தான் ‘டிசெண்டன்ட்ஸ் ஆஃப் தி சன்’ தொடரில் கொடிகட்டிப் பறந்திருந்தார்கள். எதிர்பார்ப்பு எகிறியதில் ஆச்சரியம் இல்லை. கேபிள் சேனல் தொடர் ஒன்றின் பார்வையாளர் விகிதம் 20 சதவீதத்தைத் தாண்டியது கொரியாவில் அதுவே முதல்முறை. 2017 மே மாதம் நடந்த பெக்சாங் கலை விருது விழாவில் தொலைக்காட்சிப் பிரிவின் மிக உயர்ந்த விருது கிம் யுன்-சூக்குக்கும், சிறந்த நடிகர் விருது கோங் யூவுக்கும் போயின.

ஒரே கூரையின் கீழ் இரண்டு தண்டனைகள்

கிம் ஷின்னின் மாளிகையைக் காக்கும் குடும்பத்தின் பேரன் டாக்-ஹ்வா, ஆள் யார் என்று தெரியாமல் அந்த வீட்டை எமதூதனுக்கு வாடகைக்கு விட்டுவிடுகிறான். சாகாத தளபதியும் உயிர் பறிக்க வந்தவனும் ஒரே வீட்டில் குடித்தனம். தொடரின் சிரிப்பு முழுக்க இங்கிருந்துதான் பிறக்கிறது. கரண்டியும் கத்தியும் காற்றில் பறக்கச் சண்டை போடுவார்கள். ஒருவரை ஒருவர் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுவார்கள். இரண்டாம் அத்தியாயத்தின் முடிவில், கடன்காரர்கள் கடத்திப்போன யுன்-தாக்கைக் காப்பாற்ற, இருண்ட சாலையில் பனிமூட்டத்தைக் கிழித்துக்கொண்டு இருவரும் நடந்து வரும் காட்சி சினிமாவையே தூக்கிச் சாப்பிட்டது. பின்னொரு அத்தியாயத்தில் அதே கம்பீரத்தோடு இருவரும் நடந்து வருகிறார்கள். நெருங்கி வந்ததும் பார்த்தால், கையில் கடையில் வாங்கிய வெங்காயத்தாள் கட்டு!

சிரிக்க வைத்துக்கொண்டே, இந்த வீட்டுக்குள் கதையின் மையத்தைக் கொண்டுவந்து வைத்துவிடுகிறார் எழுத்தாளர். கிம் ஷின்னுக்கு எதுவும் மறப்பதில்லை. 900 ஆண்டுகளுக்கு முன் செத்த வீரர்களின் பெயர்கள், தங்கையின் முகம், தானே புதைத்த பணியாளர்களின் கல்லறைகள் எல்லாம் நேற்று நடந்ததுபோல இருக்கின்றன. எமதூதனுக்கோ எதுவும் நினைவில் இல்லை. முற்பிறவியில் பெரும்பாவம் செய்தவர்கள்தான் எமதூதர்களாக வேலை செய்கிறார்கள். என்ன பாவம் என்பது அவர்களுக்கே தெரியாது. பெயர்கூடக் கிடையாது. சன்னி பெயரைக் கேட்கும்போது திருதிருவென்று விழித்துவிட்டு, கடைசியில் ‘கிம் வூ-பின்’ என்று ஒரு பெயரைச் சொல்லி ஒப்பேற்றுகிறான்.

நினைவே தண்டனையாகப் போன ஒருவனும், மறதியே தண்டனையாகப் போன இன்னொருவனும் ஒரு மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். அவர்களுக்குத் தெரியாதது பார்வையாளருக்கு மெல்ல மெல்லத் தெரிய வருகிறது. கிம் ஷின்னைக் கொல்லச் சொன்ன மன்னன் வாங் யோவின் மறுபிறவிதான் அந்த எமதூதன். அம்பு பட்டுச் செத்த அரசிதான் சன்னி. விட்ட குறை தொட்ட குறை என்று நாம் சொல்வோமே, அதை 900 ஆண்டு நீளத்துக்கு இழுத்து, ஒரு சமையலறைக்குள் கொண்டுவந்து முடிச்சுப் போட்டிருக்கிறார்கள். கொர்யோ, பௌத்தம் தழைத்த நாடு. மறுபிறவியும் வினைப்பயனும் அந்த மண்ணில் ஊறியவை. மனிதருக்கு நான்கு பிறவிகள், விதைக்க ஒன்று, நீரூற்ற ஒன்று, அறுவடை செய்ய ஒன்று, அறுத்ததைத் துய்க்க ஒன்று என்று தொடர் சொல்லும் கணக்கு கொரியப் பார்வையாளர்களைப் போலவே நமக்கும் சட்டென்று விளங்கிவிடுகிறது.

லீ டோங்-வூக்கின் நடிப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கிம் ஷின் தன் தங்கையின் உருவம் வரைந்த சுருள் ஓவியத்தை விரிக்கிறான். அந்த ஓவியத்தை முற்பிறவியில் வரைந்தவன், வரைந்ததே நினைவில்லாமல், அதன் முன் நிற்கிறான். முகத்தில் குழப்பம். அடுத்த நொடி கண்ணீர் ஆறாக ஓடுகிறது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குனிகிறான். ஏன் அழுகிறோம் என்று அவனுக்குத் தெரியவில்லை. அந்தத் தெரியாமையைத்தான் லீ டோங்-வூக் நடித்துக் காட்டுகிறார். கதாநாயகனுக்கு வாளும் சாபமும் கொடுத்தாலும், இந்தத் தொடரின் ஆழமான துயரத்தை எழுத்தாளர் இந்தப் பாத்திரத்துக்குத்தான் எழுதி வைத்திருக்கிறார்.

எமன் பரிமாறும் தேநீர்

எமன் என்றால் நமக்கு எருமையும் பாசக்கயிறும். கொரியர்களுக்கு எமதூதன் என்றால் கறுப்பு உடையும் அகன்ற விளிம்புள்ள கறுப்புத் தொப்பியும். ‘கோப்ளின்’ அந்தப் பழைய தொப்பியை நவீனத் தொப்பியாக மாற்றியது. தலையில் வைத்தால் ஆள் கண்ணுக்குத் தெரிய மாட்டான். கையில் பெயர் எழுதிய அட்டை, இறக்கும் நேரம் நிமிடத்தோடு. அலுவலகம், அவ்வப்போது மதுவோடு கூடும் சக தூதர்கள், பணிச்சுமை பற்றிய புலம்பல் என்று எமலோகத்தை ஒரு அரசு அலுவலகம் ஆக்கிவிட்டார்கள்.

இறந்தவர் முதலில் வந்து சேர்வது ஒரு தேநீர் அறைக்கு. சுவர் முழுக்க அடுக்கிய கோப்பைகள். எமதூதன் தானே தேநீர் போட்டு எதிரே வைக்கிறான். குடித்தால் இந்தப் பிறவி மறந்துபோகும். சீன மரபில் மெங் போ என்ற கிழவி பாதாள உலகில் கொடுக்கும் மறதிச் சாறு பிரசித்தம். அதே நம்பிக்கையின் உறவுதான் இந்தத் தேநீர். ஆனால் ஒவ்வோர் உயிரும் அந்த மேசைக்கு வரும் விதத்தில்தான் தொடர் தன் கைவண்ணத்தைக் காட்டுகிறது.

ஒரு மருத்துவர் அவசர சிகிச்சைப் பிரிவில் நோயாளியைக் காப்பாற்ற ஓடிக்கொண்டே இருக்கிறார். நோயாளி பிழைத்துவிடுகிறார், ஓய்வில்லாமல் உழைத்து விழுந்து இறந்தது தான்தான் என்பது அவருக்குப் பிறகுதான் தெரிகிறது. கண் தெரியாத ஒருவர் வருகிறார். போகும் வழி எப்படித் தெரியும் என்று அவர் தயங்க, முன்பே இறந்துபோன அவருடைய வழிகாட்டி நாய் காத்திருந்து அழைத்துப் போகிறது. இன்னொருவன் கொலைகாரன். தாகமாக இருக்கிறது என்று தேநீர் கேட்கிறான். அவனுக்கு மட்டும் கொடுப்பதில்லை. செய்ததை மறக்காமல் போக வேண்டும் என்பதே அவனுக்கான தீர்ப்பு. ஒவ்வொன்றும் சில நிமிடக் காட்சிகள். முக்கியக் கதைக்கு இவை தேவையே இல்லை என்று ஒரு கறாரான எடிட்டர் வெட்டியிருக்கலாம். வெட்டாமல் விட்டதற்குக் கைகூப்பி நன்றி சொல்ல வேண்டும். ஏனென்றால் கடைசியில் யுன்-தாக் அந்த மேசையில் உட்காரும்போது, அந்தக் கோப்பையின் எடை நமக்குத் தெரிந்திருக்கிறது.

முதல் அத்தியாயத்தில் இன்னொரு காட்சி. சிறுமி யுன்-தாக் வீட்டுக்கு வருகிறாள். பிறந்தநாள் கேக், மெழுகுவர்த்தி, எதிரே அம்மா. வேண்டுதல் சொல்ல வாயெடுத்த குழந்தை நின்றுவிடுகிறது. எதிரே இருப்பது அம்மாவின் ஆவி என்பது அதற்குப் புரிந்துவிட்டது. அந்த அம்மா பேசுவதெல்லாம் நடைமுறை விஷயம். ஆஸ்பத்திரியிலிருந்து போன் வரும், வெளியே குளிர், மஃப்ளரைச் சுற்றிக்கொள், ஆவிகளைப் பார்த்தால் கண்ணைத் திருப்பிக்கொள். செத்த பிறகும் ஒரு தாய்க்கு இருக்கும் கவலை அதுதானே! இந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு அசையாமல் இருப்பவர் யாரும் உண்டா என்று தெரியவில்லை.

சிவப்பு உடையில் வந்த பாட்டி

தொடரில் இன்னொரு நாட்டார் தெய்வம் உண்டு. பிள்ளைப்பேறு அருளும் சம்ஷின் பாட்டி. ஒரு சமயம் தெருவோரத்தில் கீரையும் முட்டைக்கோசும் விற்கும் கிழவி. இன்னொரு சமயம் சிவப்பு உடையில் ஒய்யாரமாக நடக்கும் இளம்பெண். யுன்-தாக்கின் பள்ளிப் படிப்பு முடியும் விழாவுக்கு எல்லாப் பிள்ளைகளின் பெற்றோரும் பூங்கொத்தோடு வந்திருக்கிறார்கள். அனாதைப் பெண் தனியாக நிற்கிறாள். வகுப்பறைக் கதவைத் திறந்துகொண்டு சிவப்பு உடையில் அந்தத் தெய்வம் உள்ளே வருகிறது, பருத்திப் பூங்கொத்தைக் கொடுத்து அவளைக் கட்டி அணைக்கிறது. பிறகு, ஆண்டு முழுக்க அந்தப் பெண்ணைக் கரித்துக்கொட்டிய ஆசிரியையிடம் திரும்பி, குழந்தையிடம் கேட்பதுபோல, இன்னும் நல்ல ஆசிரியராக இருந்திருக்கக் கூடாதா என்று ஒரே ஒரு கேள்வி கேட்கிறது. ஆசிரியைக்குக் காரணம் தெரியாமல் கண்ணீர் வழிகிறது.

திட்டவில்லை, சபிக்கவில்லை. அந்த ஆசிரியையும் சம்ஷின் பாட்டியின் கையால் பிறந்த குழந்தைதான் என்பதை மறக்காத கண்டிப்பு அது. தொடர் வெளியான பிறகு கொரியாவில் பள்ளி, கல்லூரி விழாக்களில் பருத்திப் பூங்கொத்து கொடுப்பது மோஸ்தர் ஆனது. ஒரு காட்சி சனங்களின் மனதில் எவ்வளவு ஆழமாக இறங்கியிருந்தால் இது நடக்கும்!

உறுத்தும் பள்ளிச் சீருடை

இவ்வளவு புகழ்ந்த பிறகு, மனதில் தைத்த முள்ளையும் சொல்லத்தான் வேண்டும்.

காதல் தொடங்கும்போது யுன்-தாக் பள்ளி இறுதியாண்டு மாணவி, கொரியக் கணக்கில் 19 வயது. பல அத்தியாயங்களில் சீருடையோடு வருகிறாள். எதிரே இருப்பவன் 939 வயதுத் தொக்கேபி. தோற்றத்தில் முப்பதைக் கடந்தவன். கோங் யூ 1979-ல் பிறந்தவர், கிம் கோ-யுன் 1991-ல். இரண்டு நடிகர்களும் வயது வந்தவர்கள், கதையும் கற்பனை என்று சமாதானம் சொல்லலாம். பிரச்சினை வயதோடு மட்டும் முடிவதில்லை. அவளுக்கு வீடில்லை, காசில்லை, பெற்றோர் இல்லை. அடிக்கும் சித்தி இருக்கிறாள். அவனிடம் மாளிகை, செல்வம், காலத்தையே நிறுத்தும் சக்தி எல்லாம் இருக்கின்றன. அவளுடைய பகுதிநேர வேலை, தங்க இடம், கல்லூரி எல்லாம் ஏதோ ஒரு விதத்தில் அவன் நிழலில் வருகின்றன. இப்படி ஒரு பக்கம் தாழ்ந்த தராசில் ‘நான்தான் உன் மணமகள்’ என்று ஒரு மாணவி பின்னாலேயே ஓடுவதைக் கொஞ்சலாகக் காட்டியபோது, கொரியாவிலேயே பலர் முகம் சுளித்தார்கள். அந்தச் சுளிப்பில் நியாயம் இருக்கிறது.

சித்தி வீட்டு வன்முறையை நகைச்சுவையாக ஓட்டியிருப்பதும் எனக்கு உடன்பாடில்லை. தலையில் அடிபடும் ஒரு பெண்ணைப் பார்த்துச் சிரிக்கச் சொல்கிறார்கள். சில காட்சிகளுக்கு முன்புதான் அதே பெண்ணின் அம்மாவின் ஆவிக்காக அழ வைத்தார்கள். விளம்பரப் பொருள்களின் ஊடுருவலும் கொஞ்சநஞ்சமில்லை. காபிக் கடை, மரச்சாமான், சாண்ட்விச் என்று கேமரா வளைந்து வளைந்து பெயர்ப்பலகையைக் காட்டுகிறது. சன்னி நடத்தும் கோழி வறுவல் கடையே ஒரு பெரிய நிறுவனத்தின் கிளை. உயிர் போகும் காட்சிக்கும் பிராண்ட் பெயருக்கும் இடையே பார்வையாளர் மூச்சுவிட நேரம் வேண்டாமா?

கடைசி மூன்று அத்தியாயங்களுக்காக ஒரு வாதம்

13-ஆம் அத்தியாயத்தில், பழைய அரண்மனைச் சூழ்ச்சிக்காரன் பாக் ஜுங்-ஹொன்னின் ஆவியை அழிப்பதற்காக, யுன்-தாக்கின் கையைப் பிடித்தே வாளை உருவி, கிம் ஷின் காற்றோடு கரைந்துபோகிறான். அதோடு தொடர் முடிந்திருக்க வேண்டும், மீதி மூன்றும் இழுவை என்று சொல்லும் ரசிகர்கள் நிறைய. நான் மாறுபடுகிறேன். இந்தக் காதலை நான் நம்பியதே அந்த மூன்று அத்தியாயங்களில்தான்.

ஒன்பது ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. அவனைப் பற்றிய நினைவு முழுக்க அவளிடமிருந்து அழிந்துவிட்டது. இப்போது அவள் வானொலி நிகழ்ச்சித் தயாரிப்பாளர், சொந்தக் காலில் நிற்கும் 29 வயதுப் பெண். வாழ்வுக்கும் சாவுக்கும் இடைப்பட்ட வெளியில் ஒன்பது ஆண்டு அலைந்தவன், அவனை அழைக்கும் வழியான மெழுகுவர்த்தியை அவள் ஊதி அணைத்ததும் திரும்பி வருகிறான். அந்த நிகழ்ச்சி வெறும் மாயம் கிடையாது. முன்பு இருவரும் எழுதிக் கையெழுத்திட்ட ஒப்பந்தம் ஒன்று உண்டு. ஆண்டின் முதல் பனி விழும் நாளில் அவள் அழைத்தால் அவன் வர வேண்டும். சின்னப்பெண் கோபத்தில் எழுதிய அந்தத் தாள்தான் அவனைத் திருப்பிக் கொண்டுவருகிறது. இப்போது தராசு சமமாகிறது. அவனுக்கு அவளைத் தெரியும், அவளுக்கு அவனைத் தெரியாது. அவன் தயங்குகிறான், அவள் கேள்வி கேட்கிறாள். சீருடை இல்லாத இந்த யுன்-தாக்தான் நம்பக்கூடிய மணமகள். கிம் கோ-யுன் இந்த இரண்டு வயதையும் குரலாலேயே பிரித்துக் காட்டியிருக்கிறார்.

திருமணம் முடிந்து அதிக நாள் ஆகவில்லை. சரிவான சாலையில் பிரேக் பிடிக்காத லாரி ஒன்று, மழலையர் பள்ளிப் பேருந்தை நோக்கி உருண்டு வருகிறது. யுன்-தாக் தன் காரைக் குறுக்கே நிறுத்துகிறாள். எமதூதனின் அட்டையில் இந்தச் சாவு எழுதப்படவில்லை. மனிதர் தாமாகச் செய்யும் தியாகம் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் முன்கூட்டி இருக்காது என்று தொடர் சொல்கிறது. அத்தனை அத்தியாயங்களாக விதி விதி என்று ஓடிய கதையில், விதிக்கு வெளியே அடி எடுத்து வைத்தது 939 வயதுத் தெய்வமும் இல்லை, கடவுளும் இல்லை. கணக்கில் விடுபட்டுப் பிறந்த அந்தப் பெண்தான்.

அவள் தேநீர் அறைக்கு வருகிறாள். கோப்பை எதிரே இருக்கிறது. குடித்தால் எல்லா வலியும் மறைந்துபோகும். அவள் குடிக்க மறுக்கிறாள். மறுபிறவி எடுத்து அவனைத் தேடி வருவேன் என்று ஓடுகிறாள். இந்த மறுப்பை நோக்கித்தான் 16 அத்தியாயங்களும் நகர்ந்திருக்கின்றன. கிம் ஷின்னுக்குத் தண்டனையாக இருந்த நினைவை, அவள் விரும்பிக் கேட்டு வாங்கிக்கொள்கிறாள். சன்னியும் அப்படித்தான். எமதூதன் அவள் மனதிலிருந்து கசப்பான நினைவுகளை அழிக்க முயல்கிறான்; அவள் மறந்தவள்போல நடித்து, எல்லாவற்றையும் ஆண்டுக்கணக்கில் நெஞ்சில் வைத்திருந்தாள் என்பது பிறகு தெரிகிறது. முற்பிறவியில் அண்ணனைக் கொன்றவனை இந்தப் பிறவியில் சேர மாட்டேன் என்று தீர்மானமாக விலகிப் போகவும் அவளால் முடிகிறது. மறந்து மன்னிப்பதைவிட, மறக்காமல் முடிவெடுப்பது கடினம். அந்தக் கடினமான வேலையை இந்தத் தொடரில் செய்வது இரண்டு பெண்கள்.

மெழுகுவர்த்திகளின் குளிர்காலம்

தொடர் வந்த காலத்தையும் மறந்துவிடக் கூடாது. 2016 இறுதியில் சியோலின் குவாங்ஹ்வாமுன் சதுக்கத்தில் சனிக்கிழமைதோறும் லட்சக்கணக்கானோர் மெழுகுவர்த்தி ஏந்தி நின்றார்கள். அதிகாரத்தில் இல்லாத ஒரு தோழியின் பேச்சைக் கேட்டு ஆட்சி நடத்தினார் என்ற புகார், அதிபர் பாக் கூன்-ஹேயின் பதவிக்கே உலை வைத்தது. ‘கோப்ளின்’ தொடங்கிய ஒரே வாரத்தில், டிசம்பர் 9 அன்று, அவருக்கு எதிரான பதவிநீக்கத் தீர்மானத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. 2017 மார்ச் 10-ல் அரசியல் சாசன நீதிமன்றம் அதை உறுதி செய்தது. இந்த அரசியலை மனதில் வைத்துத் தொடர் எழுதப்பட்டது என்று சொல்ல வரவில்லை. ஆனால் சூழ்ச்சிக்காரன் ஒருவனின் சொல்லைக் கேட்டு நல்லவர்களைப் பலிகொடுத்த மன்னன், அந்தப் பாவத்துக்கு நூற்றாண்டுகளாகப் பதில் சொல்லும் கதையை, அந்தக் குளிர்காலத்தில் வெள்ளியும் சனியும் வீட்டில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு அது வெறும் பழங்கதையாக இருந்திருக்காது.

கடல், பனி, பாட்டு

இயக்குநர் லீ யுங்-பொக் ஒவ்வோர் இடத்தையும் நினைவில் தங்கும்படி தேர்ந்தெடுத்திருக்கிறார். கிழக்குக் கடற்கரை நகரமான காங்நுங்கில், ஜுமுன்ஜின் பக்கம் உள்ள அலைத்தடுப்புச் சுவரில்தான் யுன்-தாக் பிறந்தநாள் மெழுகுவர்த்தியை ஊதுகிறாள், கிம் ஷின் பக்வீட் பூக்களோடு வந்து நிற்கிறான். இன்று வரை காதலர்கள் அங்கே வரிசையில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். வெண்மை விரித்த பக்வீட் வயல், தென்மேற்கில் கோசாங்கில் இருக்கும் ஹாக்வோன் பண்ணை. கதவைத் திறந்து ஒரே அடியில் போய் இறங்கும் கனடாவின் கியூபெக் நகரத்தில், பெதி ஷாம்ப்ளேன் தெருவின் சிவப்புக் கதவு ஒன்று சுற்றுலாத் தலமாகவே ஆகிவிட்டது.

பாடல்களைச் சொல்லாமல் விட முடியாது. சான்யோலும் பஞ்சும் பாடிய ‘ஸ்டே வித் மீ’, கிரஷ் பாடிய ‘பியூட்டிஃபுல்’, முதல் பனியைப் பற்றி எய்லி பாடிய பாட்டு எல்லாம் கொரியப் பாடல் பட்டியல்களை ஆண்டன. ஒரு காட்சியில் கிம் ஷின் கவிதை ஒன்றை வாசிக்கப் போக, அது இடம்பெற்ற, கவிஞர் கிம் யோங்-தேக் தொகுத்த நூல் விற்பனையில் சக்கைப்போடு போட்டது. தொலைக்காட்சித் தொடர் ஒன்று கவிதைப் புத்தகத்தைக் கடைகளில் தேட வைத்தது பெருமைப்பட வேண்டிய விஷயம்.

பின்னால் வந்தவையும் இதன் நிழலில்தான் வளர்ந்தன. இறந்தவர்கள் தங்கிச் செல்லும் விடுதியைக் காட்டிய ‘ஹோட்டல் டெல் லூனா’ (2019), லீ டோங்-வூக் ஒன்பது வால் நரியாக நடித்த ‘டேல் ஆஃப் தி நைன் டெய்ல்ட்’ (2020), தற்கொலை எண்ணத்தோடு நிற்பவர்களை எமதூதர்கள் காப்பாற்றும் ‘டுமாரோ’ (2022) ஆகியவற்றை ‘கோப்ளின்’ திறந்துவிட்ட வழியில் வந்தவையாகவே பார்க்கிறேன். பிரம்மாண்டத்தில் சில அதை மிஞ்சின. காலி ஃபிரிட்ஜைப் பற்றி யோசிக்கும் அந்தக் கருணையில் மிஞ்சவில்லை.

இந்தத் தொடரைப் பார்க்க இருப்பவர்களுக்கு என் வேண்டுகோள் இரண்டு. முதல் சில அத்தியாயங்களில் காதல் உறுத்தினால் நிறுத்திவிடாதீர்கள். எமதூதனையும் சன்னியையும் பின்தொடருங்கள், அவர்கள் உங்களைக் கடைசி வரை கொண்டுசேர்ப்பார்கள். இரண்டாவது, வேகமாக ஓட்டிப் பார்க்காதீர்கள். கதைக்குச் சம்பந்தமில்லாதவைபோலத் தோன்றும் தேநீர் அறைக் காட்சிகளில்தான் இந்தத் தொடர் தன் முழு மனதையும் வைத்திருக்கிறது. குறைகள் உண்டு, சில குறைகள் பெரியவை. அவற்றையெல்லாம் கணக்கில் எடுத்துக்கொண்டே சொல்கிறேன்: அண்மைக் காலத்தில் பிரியமான ஒருவரை மண்ணுக்கோ நெருப்புக்கோ கொடுத்த யாருக்கும், தயங்காமல் பார்க்கச் சொல்லும் முதல் கொரியத் தொடர் இதுதான்.